சிவப்பு இலையின் ஓரம் கருகியது ஏன்? – ஓர் உரக்கடையின் அனுபவம்



நமது சங்க இதழில் வரி, வாடகை, தராசு முத்திரை, கடன் வசூல் என்று பல விஷயங்களைப் படித்து வருகிறோம். இந்த முறை ஒரு செடியைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறோம். மளிகைக்கடையும் இரும்புக்கடையும் வைத்திருப்பவர்கள் "செடிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எந்தச் சரக்கை விற்பவரும் செய்யக்கூடிய ஒரு தவறைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். அந்தத் தவறைச் செய்தவர்கள் நாங்களே.

ஓசூரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உரம், பூச்சிமருந்து மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். ஆரம்பத்தில் யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் ஆகியவைதாம் எங்கள் சரக்கு. இந்த வட்டாரத்தில் பாலிஹவுஸ்கள் பெருகி, ரோஜாவும் ஜெர்பெராவும் கார்னேஷனும் வளரத் தொடங்கிய பிறகு, நீரில் கரையும் உரங்கள் கடைக்குள் வந்தன. சரக்கு மாறியது. ஆனால் சரக்கைக் கொடுக்கும் எங்கள் முறை மாறவில்லை. விவசாயி கேட்பார், நாங்கள் எடுத்துப் போடுவோம், பில் எழுதுவோம். அவ்வளவுதான்.

ஒரு பூந்தொட்டி கடைக்கு வந்தது

2022ஆம் ஆண்டு டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காலை, எங்கள் வாடிக்கையாளரான இளைஞர் ஒருவர் ஒரு பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கல்லா மேசையில் வைத்தார். பாயின்செட்டியாச் செடி. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓட்டல் வாசல்களிலும் தேவாலயங்களிலும் அடுக்கி வைத்திருப்பார்களே, உச்சியில் சிவப்புச் சிவப்பாகப் பெரிய இதழ் விரித்திருக்குமே, அதுதான். பார்ப்பவர்கள் பூ என்று நினைப்பது உண்மையில் பூ அல்ல. நிறம் மாறிய இலை. நடுவில் மஞ்சளாகச் சிறு மணிகள் போல இருப்பதுதான் பூ.

இதற்குச் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட் என்பவர் 1820களின் இறுதியில் தம் நாட்டுக்குக் கொண்டுபோனதால் அவர் பெயரே செடிக்கு நிலைத்துவிட்டது. இந்தச் செடிக்கு மதிப்பே அந்தச் சிவப்பு இலைதான். சிவப்பு இலையில் ஒரு பொட்டு கறை இருந்தாலும் வியாபாரி தள்ளி வைத்துவிடுவார். டிசம்பர் 25 தாண்டினால் விலையும் இல்லை.

அந்த இளைஞர் கொண்டு வந்த செடியில் சிவப்பு இலைகளின் ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகியிருந்தது. சில இடங்களில் சாம்பல் நிறப் பூஞ்சாணமும் ஏறியிருந்தது. "மூவாயிரம் செடி ஐயா. பெங்களூரு வியாபாரி வந்து பார்த்துட்டு ஆயிரத்து நூறு மட்டும் எடுத்துக்கிட்டார். மீதியை வேண்டாம்னுட்டார்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எங்களை அதிகமாகச் சுட்டது. ஏனென்றால் அந்தச் செடிக்குப் போட்ட அத்தனையும் எங்கள் கடைச் சரக்கு.

எங்கள் பில் புத்தகம் சொன்ன கதை

அவர் போன பிறகு பழைய பில்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தோம்.

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை அவர் வாங்கியது 19 ஆல் என்று நாம் சொல்லும் 19:19:19 உரம், கொஞ்சம் 12:61. நவம்பர் முதல் வாரத்தில், "புது இலை ஓரம் கருகுது" என்று கேட்டு வந்திருக்கிறார். இலையைக் கூடப் பார்க்காமல் பூஞ்சாண மருந்து கொடுத்திருக்கிறோம். பத்து நாள் கழித்து மறுபடியும் வந்திருக்கிறார். வேறொரு பூஞ்சாண மருந்து, முன்னதைவிட விலை கூடியது. நவம்பர் கடைசியில் யாரோ சொல்லி, கால்சியம் நைட்ரேட் கேட்டு வந்திருக்கிறார். 25 கிலோ பை ஒன்று கொடுத்திருக்கிறோம். கூடவே எப்சம் உப்பு எனப்படும் மெக்னீசியம் சல்பேட்டும் 12:61ம் வாங்கியிருக்கிறார். மூன்றையும் ஒரே பில்லில் எழுதினோமே தவிர, "இவற்றை ஒரே டிரம்மில் போடாதீர்கள்" என்ற ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் ஒரே டிரம்மில்தான் போட்டிருக்கிறார். தயிர் திரிந்தது போல டிரம் முழுவதும் வெள்ளையாகக் கட்டியது. சொட்டுநீர்க் குழாய்களின் வாயெல்லாம் அடைத்துக்கொண்டது. கழுவிச் சரிசெய்ய மூன்று நாள் ஆயிற்று. செடிக்கு மிகவும் தேவையான நேரத்தில் கால்சியமும் கிடைக்கவில்லை, தண்ணீரும் கிடைக்கவில்லை.

ஆக மொத்தம், நோய்க்குக் காரணமான குறையை நாங்கள் கவனிக்கவில்லை. இல்லாத நோய்க்கு மருந்து விற்றோம். கடைசியில் சரியான சரக்கைக் கொடுத்து, அதையும் கெடும்படி விட்டோம். மூன்று முறை காசு வாங்கியிருக்கிறோம், மூன்று முறையும் தவறியிருக்கிறோம்.

"தண்ணீர் எது?"

தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த இளைஞரின் பாலிஹவுசுக்குப் போனோம். நண்பர் செடியைத் தொடுவதற்கு முன்பே கேட்ட முதல் கேள்வி, "தம்பி, தண்ணீர் எது?" என்பதுதான்.

முந்தைய ஆண்டு வரை போர்வெல் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த கடினநீர். குழாய் அடைக்கிறது, அமிலம் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை என்று, அந்த ஆண்டு கூரையில் விழும் மழைநீரைக் குட்டையில் சேர்த்து அதையே பாய்ச்சியிருக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் போர்வெல் தண்ணீரில் அவர் அறியாமலே செடிக்குக் கால்சியம் போய்க்கொண்டிருந்தது. மழைநீரில் அது அநேகமாக இல்லை. 19 ஆல் உரத்திலும் 12:61 உரத்திலும் கால்சியம் கிடையாது. அண்டாவில் வெள்ளையாகப் படிகிறதே என்று நாம் திட்டுகிற அந்தச் சுண்ணாம்புதான் அவர் செடிகளை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது.

இரண்டாவது கேள்வி, "தென்னைநார்த் துகள் எங்கே வாங்கினாய்?" செடி வைக்க அவர் பயன்படுத்தியது கழுவாத துகள். அதில் இயற்கையாகவே பொட்டாசியமும் சோடியமும் அதிகம். அப்படிப்பட்ட துகள், நாம் ஊற்றும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தான் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். ஆகவேதான் நல்ல தயாரிப்பாளர்கள் துகளைத் தண்ணீரில் கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, மறுபடியும் கழுவித் தருகிறார்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அந்தக் கூடுதலுக்குக் காரணம் இருக்கிறது.

மூன்றாவது கேள்வி, "மழை நாளில் பக்கத் திரையைத் திறந்தாயா?" அந்த ஆண்டு எங்கள் பக்கம் மழை விடாமல் பெய்தது. சாரல் அடிக்கிறதே என்று திரையை இரவும் பகலும் இறக்கியே வைத்திருந்தார். உள்ளே ஒரே ஈரக்காற்று.

சரக்கு இருந்தும் போய்ச் சேராத கதை

இந்த மூன்றாவது கேள்வியில்தான் கால்சியத்தின் சூட்சுமம் இருக்கிறது. நண்பர் விளக்கியதை நம் வியாபார மொழியிலேயே சொல்கிறோம்.

நைட்ரஜன், பொட்டாசியம் போன்ற சத்துகள் பழைய இலையில் தேங்கியிருந்தாலும், தேவைப்படும்போது செடி அங்கிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்பிவிடும். ஒரு கிளைக் கடையில் தேங்கிய சரக்கை இன்னொரு கிளைக்கு மாற்றுவது போல. கால்சியம் அப்படியல்ல. இறக்கிய இடத்தில் இறக்கியதுதான். அங்கிருந்து திரும்ப வண்டி ஏறாது. ஆகவே கீழ் இலையில் கால்சியம் நிறைய இருக்கும்போதே மேலே புதிதாக வரும் இலை பட்டினி கிடக்கும்.

அந்தச் சரக்கை மேலே கொண்டுபோகும் வண்டி எது? தண்ணீர்தான். இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது வேரிலிருந்து தண்ணீர் மேலேறும். அதோடு கால்சியமும் ஏறும். பச்சை இலைகளில் நீர் நன்றாக ஆவியாகும். பாயின்செட்டியாவின் சிவப்பு இலையில் ஆவியாவது மிகக் குறைவு. அதனால் அதற்குப் போகும் வண்டியே குறைவு. மூடிய பாலிஹவுசில் ஈரக்காற்று நிறைந்துவிட்டால் உள்ள வண்டியும் நின்றுவிடும். வேர்ப்பக்கம் கால்சியம் இருந்தாலும் சிவப்பு இலையின் ஓரத்துக்குப் போய்ச் சேராது. கடைக்கோடியில் இருக்கும் ஊருக்குத்தானே முதலில் பஸ்ஸை நிறுத்துவார்கள்!

கால்சியம்தான் செல்லின் சுவரைக் கெட்டியாக்கும் சிமெண்ட். அது இல்லாமல் வளர்ந்த ஓரம் உடைந்து, முதலில் கண்ணாடி போலத் தெரியும். பிறகு பழுப்பாகும். அந்த இறந்த ஓரத்தில்தான் சாம்பல் பூஞ்சாணம் வந்து குடியேறுகிறது. நாங்கள் மருந்து விற்றது வீட்டுக்குள் வந்த விருந்தாளிக்கு. கதவு உடைந்து கிடந்ததை யாரும் பார்க்கவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவில் ஒரு பாயின்செட்டியா ரகத்தில் இதே ஓரக் கருகல் பெரும் தொல்லையாக இருந்தபோது, கால்சியக் குறைதான் அதற்கு அடிப்படைக் காரணம் என்று ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்ட்ஸ், ஹார்பா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1986லேயே எழுதியிருக்கிறார்கள். விஷயம் உலகத்துக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கடைக் கல்லாவுக்குத்தான் வந்து சேரவில்லை. அதுவும் கால்சியம் போலத்தான் போலிருக்கிறது.

இன்னொரு தவறும் எங்களுடையதே. 19 ஆல் உரத்தில் உள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி யூரியாவாகவும் அம்மோனியாவாகவும் இருக்கிறது. அம்மோனியா மிகுந்தால் வேர் கால்சியம் எடுப்பது குறையும். இலையோ பெரிதாக, மென்மையாக வளரும். பார்க்கச் செழிப்பு, உள்ளே பலவீனம். பொட்டாசியம் அளவு மீறினாலும் கால்சியத்துக்கு இடைஞ்சல்தான். "செழிப்பாக வரணும் ஐயா" என்று கேட்டவருக்கு இன்னும் ஒரு பை 19 ஆல் கொடுத்தது எங்கள் கைதான்.

அடுத்த ஆண்டு செய்தது

ஜனவரியில் அந்த இளைஞர் பாக்கியைக் கட்ட வந்தார். ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. இரண்டு பூஞ்சாண மருந்துகளின் விலையை நாங்களாகவே கணக்கிலிருந்து அடித்தோம். "வேண்டாம் ஐயா, நான் கேட்டுத்தானே கொடுத்தீங்க" என்றார். "நீங்கள் கேட்டீர்கள் தம்பி, நாங்கள்தான் கேட்கவில்லை" என்று சொன்னோம்.

2023இல் அவர் பாதி அளவாக 1,500 செடிகள் மட்டும் வைத்தார். செய்த மாற்றங்கள் இவை:

தண்ணீர்: மழைநீரையும் போர்வெல் நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்து, இரண்டையும் கலந்து பாய்ச்சினார். வேர்ப்பகுதியின் அமில காரநிலை 5.8 முதல் 6.2 வரை இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

செடி வைக்கும் துகள்: கழுவி, கால்சியம் ஏற்றிய தென்னைநார்த் துகள்.

உரம்: இரண்டு டிரம் முறை. 200 லிட்டர் கொள்ளும் முதல் டிரம்மில் கால்சியம் நைட்ரேட் 20 கிலோ, தேவையான பொட்டாசியம் நைட்ரேட். இரண்டாவது டிரம்மில் 12:61, எப்சம் உப்பு, நுண்ணூட்டச் சத்துகள். முதல் டிரம்மின் கரைசல் நூற்றுக்கு ஒன்றாகக் கலந்து போகும்போது, லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம் நைட்ரேட் விழும். அதில் சுமார் 190 பி.பி.எம். கால்சியமும் 155 பி.பி.எம். நைட்ரஜனும் கிடைக்கும். தண்ணீரில் ஏற்கெனவே கால்சியம் இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்து உரத்தைக் குறைக்க வேண்டும். சிவப்பு நிறம் ஏறிய பிறகு மொத்த உர அளவையே குறைத்துவிட்டார். கடைசி வாரங்களில் உப்பு சேர்ந்தாலும் ஓரம் கருகும்.

காற்று: சட்டிகளுக்கு இடையே இடைவெளி. காலையில் மட்டும் தண்ணீர். மழை விட்ட நேரமெல்லாம் திரையைத் தூக்கி, மின்விசிறி ஓட்டினார்.

தெளிப்பு: வேர் வழியாகப் போகாததை இலைக்கே நேராகக் கொடுப்பது. நிறம் ஏறத் தொடங்கியதிலிருந்து விற்பனை வரை வாரம் ஒருமுறை, காலையில், கால்சியம் குளோரைடு கரைசல். 200 முதல் 400 பி.பி.எம். கால்சியம் என்பது கணக்கு. சுத்தமான டைஹைட்ரேட் வகையாக இருந்தால் அதில் கால்சியம் 27 சதவீதம். 15 லிட்டர் டேங்குக்கு 11 முதல் 22 கிராம் போதும். வேறு எந்த மருந்தையும் அதோடு கலக்கக் கூடாது. முதலில் பத்துச் செடிக்கு அடித்து, சில நாள் பார்த்து, கறை விழவில்லை என்றால்தான் மற்றவற்றுக்கு. தெளிப்பு ஒரு துணைதான். தண்ணீரும் காற்றும் சரியில்லாமல் தெளிப்பை மட்டும் நம்பினால் பயன் இல்லை.

அந்த ஆண்டும் சில சட்டிகளில் ஓரம் கருகத்தான் செய்தது. முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் பெங்களூரு வியாபாரி ஏற்ற வேண்டிய வண்டியை முழுதாக ஏற்றிக்கொண்டு போனார்.

சக வணிகர்களுக்குச் சில வார்த்தைகள்

உரக்கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கு, இந்த அனுபவத்திலிருந்து நாங்கள் கடைப்பிடிக்கத் தொடங்கிய சில பழக்கங்களைச் சொல்லிக்கொள்கிறோம்.

கால்சியம் நைட்ரேட் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்வி கேட்காமல் பை எடுப்பதில்லை. தண்ணீர் எது? கூட என்ன உரம் போடுகிறீர்கள்? எத்தனை டிரம் இருக்கிறது? ஒரே டிரம் என்றால், கால்சியத்தை ஒரு நாளும் மற்றதை வேறொரு நாளும் விடச் சொல்கிறோம். நடுவில் டிரம்மைக் கழுவ வேண்டும்.

கல்லா மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்திருக்கிறோம். ஒன்றில் கால்சியம் நைட்ரேட்டையும் இன்னொன்றில் எப்சம் உப்பையும் திக்காகக் கரைத்து, வாடிக்கையாளர் கண்ணெதிரே ஒன்றாக ஊற்றுகிறோம். சிறிது நேரத்தில் வெள்ளையாகக் கலங்கிவிடும். அரை மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாததை அந்த டம்ளர் புரியவைத்துவிடுகிறது.

இலை கருகுகிறது என்று வந்தால், இலையைக் கொண்டுவரச் சொல்கிறோம். மேலே புது இலையின் ஓரத்தில் தொடங்கினால் கால்சியத்தைச் சந்தேகிக்கலாம். கீழ் இலையில் தொடங்கினால் உப்போ மெக்னீசியக் குறையோ இருக்கலாம். பாயின்செட்டியாவில் நடு வயது இலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகினால் மாலிப்டினம் என்ற நுண்சத்துக் குறையாகவும் இருக்கலாம். நமக்கு நிச்சயமில்லை என்றால் மண் பரிசோதனை நிலையத்துக்கோ, எங்கள் வட்டாரத்தில் தளியில் உள்ள கொய்மலர் மகத்துவ மையத்துக்கோ அனுப்பிவிட வேண்டும். அன்றைக்கு ஒரு மருந்து விற்காமல் போகலாம், அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

கால்சியம் குளோரைடை ரசாயனக் கடையிலிருந்து வாங்கி விற்பவர்கள் மூட்டையில் என்ன வகை என்று பார்த்து வாங்குங்கள். நீரற்ற 94 சதவீத வகையில் கால்சியம் சுமார் 34 சதவீதம் இருக்கும். அதை டைஹைட்ரேட் என்று நினைத்து 15 லிட்டருக்கு 22 கிராம் போட்டால் 500 பி.பி.எம். ஆகிவிடும். மருந்தே இலையைச் சுடும். பொட்டலத்தின் மேல் வகையையும் அளவையும் தமிழில் எழுதி ஒட்டுவது நல்லது.

கிடங்கு விஷயத்திலும் கவனம் தேவை. கால்சியம் நைட்ரேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீர்த்துப்போகும். மரப்பலகையின் மேல் அடுக்கி, பிரித்த பையை உடனே கட்டி வைக்க வேண்டும். எரியும் பொருளுக்குத் தீயைத் தூண்டிவிடும் குணமும் அதற்கு உண்டு. ஆகவே கந்தகத் தூள், டீசல், வைக்கோல், சாக்குக் குவியல் இவற்றின் பக்கத்தில் வைக்கவே கூடாது. உரக்கடையில் கந்தகமும் இருக்கும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறோம்.

முடிவாக

மற்ற வணிகம் செய்யும் அன்பர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு என்று நினைக்கிறோம். எங்கள் கிடங்கில் கால்சியம் நைட்ரேட் அந்த ஆண்டு முழுவதும் இருந்தது. இளைஞரின் தோட்டம் எங்கள் கடையிலிருந்து அதிக தூரமில்லை. ஆனாலும் தேவையான நேரத்தில் தேவையான இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை. செடிக்குள் கால்சியத்தைத் தண்ணீர் கொண்டுபோவது போல, கடையிலிருந்து சரக்கோடு சேர்ந்து ஒரு வார்த்தையும் போக வேண்டும். நாங்கள் பையை மட்டும் அனுப்பிவிட்டு வார்த்தையைக் கல்லாவிலேயே வைத்துக்கொண்டோம். அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் அந்த இளைஞர் ஒரு பாயின்செட்டியாச் சட்டியைக் கொண்டுவந்து எங்கள் கல்லா மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்று சொல்வார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது அதன் இலை ஓரத்தைத்தான்.